காந்தமும் சாவியும்



பேச வேண்டிய பொருளை, பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்திருக்கும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுக்கென்று உயர்தர எம்.ஆர்.ஐ. கருவி ஒன்றை வாங்குவது. மேடைக்கு வருமுன் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே மூன்று பேர் என்னிடம் வந்து, "ஐயா, மூணு டெஸ்லா போதுமா, ஏழு வேணுமா?" என்று கேட்டார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கியவனிடம் எத்தனை சி.சி. என்று கேட்பது போலத்தான் இந்தக் கேள்வி எங்கும் வருகிறது. அதற்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நாம் நிற்கும் இடம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தார்கள். அரியலூர் அவற்றில் ஒன்று. சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி அதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்கெல்லாம் முந்திய காலத்தில் ஆண்டிமடத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் தஞ்சாவூர். வேப்பந்தட்டையில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் திருச்சி. வழியில் போன நேரமே பாதி உயிரைத் தின்றுவிடும். ஆகவே அரியலூர், பெரம்பலூர் என்ற இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் நல்ல ஸ்கேன் கேட்பதில் ஆசை கொஞ்சமும் நியாயம் நிறையவும் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது சிகிச்சைக்கான கருவி மட்டும் இல்லை. "ஆய்வுக்கு" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லால் வாங்க வேண்டிய பொருளே மாறிவிடுகிறது. என் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

மருத்துவம் படிக்காதவர்களும் இங்கே இருப்பதால் கருவி வேலைசெய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் ஒரு குட்டிக் காந்தம். ஆளைப் பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்தால் அந்தக் குட்டிக் காந்தங்களில் மிகச் சிறு பங்கு காந்தப்புலத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது. அந்த நேரத்தில் சரியான அலைவரிசையில் ரேடியோ அலையை அனுப்பினால் அவை அதை வாங்கிக்கொண்டு, நிறுத்தியதும் திருப்பிக் கொடுக்கின்றன. மூளைத் திசு ஒரு வேகத்தில் அடங்கும், கொழுப்பு வேறு வேகத்தில், வீக்கத்தில் தேங்கிய நீர் இன்னொரு வேகத்தில். அந்த வேறுபாடுதான் படம்.

காந்தத்தின் வலிமையை டெஸ்லாவில் அளக்கிறார்கள்; ரேடியோ அலைவரிசை ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்பது கணக்கு. 1.5 டெஸ்லா கருவி சுமார் 64இல் பேசும். 3 டெஸ்லா சுமார் 128இல். நம் ஊரில் பலரும் கேட்டு வளர்ந்த கொடைக்கானல் பண்பலை 100.5 இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அறையைச் சுற்றிச் சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் செம்புத் தகடு அடிக்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. மூன்று டெஸ்லா என்றால் அதைப்போல் ஏறத்தாழ 75,000 மடங்கு. மின்கம்பிச் சுருள் எதிர்ப்பில்லாமல் மின்சாரத்தைச் சுமக்க, அதைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் முக்கி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் காந்தம் அணையாது, ராத்திரியிலும் அணையாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி அறைக்குள் போனவரைக் காந்தம் இழுத்துக்கொண்டது. அவர் உயிர் பிழைக்கவில்லை. வார்டுபாய் முதல் கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் பயிற்சி கொடுக்காமல் இந்த அறையைத் திறக்கக் கூடாது.

கருவியை இப்படி அறிமுகம் செய்த கையோடு ஒரு பழைய கதை. ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்ற கடலோர ஊரின் பல்கலைக்கழகத்தில் ஜான் மல்லார்ட் என்ற பேராசிரியரின் குழு முழு உடலையும் படமெடுக்கும் கருவி ஒன்றைத் தங்கள் கையாலேயே கட்டியது. 1980 ஆகஸ்ட் 28இல் பக்கத்து மீன்பிடி ஊரிலிருந்து வந்த ஒரு நோயாளியை அதில் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் புற்றுக்கட்டி, கல்லீரலில் கோளாறு, எலும்பில் பரவல், எல்லாம் படத்தில் தெரிந்தன. அந்தக் காந்தத்தின் வலிமை 0.04 டெஸ்லா. இன்று ஸ்கேன் சென்டர் விளம்பரப் பலகையில் எழுதக் கூச்சப்படும் எண். ஆனால் படத்தை வரிவரியாகக் கோத்தெடுக்க அந்தக் குழு கண்டுபிடித்த முறையின் வழிவந்தவைதான் இன்று உலகம் முழுக்க ஓடும் கருவிகள். அங்கே கருவியைத் திறக்கவும் மாற்றவும் தெரிந்தவர்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அபர்தீன் தூரம். நமக்குப் பக்கத்தில், வேலூரில் நடந்ததைச் சொல்கிறேன். என் துறையில் தமிழ்நாட்டில் நடந்தவற்றில் நான் மிக மதிக்கும் வேலை இது. எம்.ஆர்.ஐ. கூட இல்லை, சி.டி. ஸ்கேன்.

1980களில் இந்தியாவில் சி.டி. கருவிகள் பரவத் தொடங்கியதும் விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டது. வலிப்பு வந்த இளம் வயதினரைப் படமெடுத்தால் பலருக்கு மூளையில் ஒரே ஒரு சிறிய புள்ளி. மருந்து ஏற்றினால் மோதிரம் போலவோ பொட்டுப் போலவோ ஒளிர்ந்தது. சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். காசநோய் மலிந்த நாடு என்பதால் இது காசநோய்க் கட்டிதான் என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்துப் படமெடுத்தால் புள்ளி இல்லை. மாத்திரை வேலைசெய்துவிட்டது என்று எல்லாருக்கும் திருப்தி. ஆனால் காசநோய் மாத்திரையே தொடாமல் வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் புள்ளி மறைந்தது. அப்படியானால் அது என்ன?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவைத் துறையில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அந்தப் புள்ளியையே எடுத்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார்கள். எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த நோய்க்குறியியலாளர்களின் பங்கு இதில் பாதி. பெரும்பாலானவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். செத்துக்கொண்டிருக்கும் ஒரு நீர்க்கட்டி. 1989இல் லான்செட் இதழில் அதை வெளியிட்டார்கள். அதோடு விடவில்லை. எந்தப் புள்ளியைத் திறக்காமலே நாடாப்புழு என்று நம்பலாம் என்பதற்குத் தெளிவான விதிகள் வகுத்தார்கள்: அளவு 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவுக்கு வீக்கம் உண்டா, தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி உண்டா, உடம்பில் வேறெங்கும் நோய் இருக்கிறதா. அந்த விதிகள் நாடெங்கும் எத்தனையோ பேரைத் தேவையில்லாத அறுவையிலிருந்தும், தேவையில்லாத காசநோய் மாத்திரையிலிருந்தும் காப்பாற்றின. பிறகு வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரிடம் வீடுவீடாக விசாரித்தார்கள். வலிப்புள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுவே காரணம் என்று 2006இல் சொன்னார்கள்.

நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "நாங்க பன்னிக்கறி சாப்பிடுறதில்லீங்களே." கறி சாப்பிட்டால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அதன் முட்டை. அந்தப் புழுவைக் குடலில் வைத்திருக்கும் ஒருவரின் மலத்திலிருந்து தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக யார் வாய்க்கும் போகலாம். சைவச் சாப்பாட்டுக்காரருக்கும் வரும், வந்திருக்கிறது.

இந்த ஆய்வு பிறக்கக் காரணம் உலகிலேயே பெரிய ஸ்கேனர் வேலூரில் இருந்தது என்பதா? எல்லாரிடமும் இருந்த அதே கருவிதான். எல்லாரும் பார்த்த அதே புள்ளிதான். அவர்களிடம் கூடுதலாக இருந்தவை, தாங்கள் பார்ப்பது என்ன என்ற சந்தேகம், பக்கத்து அறையில் நோய்க்குறியியல், தெருவுக்குப் போய் எண்ணத் தெரிந்த சமூக மருத்துவத் துறை.

இப்போது டெஸ்லா கேள்விக்கு வருகிறேன். உலகின் உச்சி பிரான்சில், பாரிசுக்கு வெளியே சாக்லே என்ற இடத்தில் இருக்கிறது. இசூல்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 11.7 டெஸ்லா, 132 டன், 182 கிலோமீட்டர் மின்கம்பி, 7,500 லிட்டர் திரவ ஹீலியம். இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, 2024 ஏப்ரலில் மனித மூளையின் முதல் படங்களை வெளியிட்டார்கள். பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அது ஒரு நாட்டின் அணுசக்தி ஆணையம் செய்யும் வேலை. ஏழு டெஸ்லாவை மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு அமெரிக்கா அனுமதித்ததே 2017இல்தான். அதிலும் தலை, கை, கால் மட்டும்.

மறுபக்கம் பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் என்ற ஆய்வுத் திட்டம். 2014இல் தொடங்கி 2025 ஜூலையில் ஒரு லட்சமாவது ஆளைப் படமெடுத்து முடித்தார்கள். மூளைக்கு 3 டெஸ்லா, உடம்புக்கு 1.5 டெஸ்லா. நான்கு ஊர்களில் ஒரே மாதிரிக் கருவி, ஒரே மாதிரி அமைப்பு, ஆய்வைத் தவிர வேறு வேலை அந்தக் கருவிகளுக்குக் கிடையாது. உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்று அந்தப் படங்களை எடுத்து வேலை செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் காந்தம்தான்.

இன்னும் கீழே இறங்கினால் உகாண்டாவில் மபராரா. அங்கே ஓர் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். தலையில் நீர் கோத்த குழந்தைகளுக்காக, நெதர்லாந்தின் லைடனிலிருந்து உதிரிபாகங்களைக் கொண்டுவந்து, நிலைக்காந்தத் துண்டுகளை வட்டமாக அடுக்கி, 0.05 டெஸ்லாவுக்கும் குறைந்த ஒரு கருவியை 2022இல் அங்கேயே 11 நாளில் பூட்டி ஓட்டினார்கள். ஹீலியம் வேண்டாம், செம்பு அறை வேண்டாம். அதில் மூளையின் நுணுக்கம் தெரியாது. நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்பது தெரியும். கழற்றி மாட்டத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகளும் அங்கே உண்டாகிவிட்டார்கள். நம் நாட்டிலும் பெங்களூரு வாக்சல்கிரிட்ஸ் நிறுவனம் 1.5 டெஸ்லா கருவியை உள்நாட்டிலேயே செய்திருக்கிறது. அதில் பணம் போட்டவர்களில் நம் சோஹோவும் உண்டு.

ஆகவே என் பதில்: ஏழு வேண்டாம். மூன்று போதும், மூன்றுக்குப் பணம் இல்லாவிட்டால் நல்ல 1.5ஐ எடுத்து மிச்சப் பணத்தில் ஆள் வையுங்கள்.

அடுத்து, யாரும் கேட்காத கேள்வி. டெண்டர் ஆவணங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். காந்த வலிமை, துளையின் அகலம், சரிவுச் சுருளின் வேகம், அலை வாங்கும் சுருள்கள் எத்தனை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று நாற்பது பக்கம் இருக்கும். ஆய்வு ஒப்பந்தம் என்று ஒரு வரி இருக்காது. சிகிச்சைக்கு விற்கும் கருவி ஒரு மூடிய பெட்டி. கம்பெனி வைத்த பட்டியலிலிருந்து ஒரு முறையைத் தேர்ந்து அழுத்தலாம், படம் வரும். ரேடியோத் துடிப்பை எப்போது அனுப்புவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று நீங்களே எழுத வேண்டுமானால் கம்பெனியின் மென்பொருள் கருவி வேண்டும். சீமென்ஸில் அதன் பெயர் ஐடியா, ஜி.இ.யில் எபிக். படமாக மாறுமுன் இருக்கும் மூலத் தரவை வெளியே எடுக்கவும் அனுமதி வேண்டும். இவை ஆய்வு ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களுக்குத்தான் கிடைக்கும். வாங்கும் நாளுக்கு முன் கேட்டால் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அதற்குத் தனி விலை, தனி அலைச்சல். ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் உருவான பல்செக் போன்ற திறந்த முறைகளும் வந்துவிட்டன. ஒரே நிரலை வெவ்வேறு கம்பெனிக் கருவிகளில் ஓட்டலாம். அதற்கும் கருவியின் கதவைக் கம்பெனி திறந்துவிட்டிருக்க வேண்டும்.

தலைப்பில் நான் சாவி என்று சொன்னது முதலில் இதைத்தான். ஆனால் சாவியைக் கொடுத்தால் திருப்ப ஆள் வேண்டும். எம்.ஆர்.ஐ. இயற்பியல் தெரிந்த ஒருவர், நிரல் எழுதத் தெரிந்த ஒருவர், இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை. நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இப்படி ஒரு பணியிடம் இருப்பது அபூர்வம். அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. படித்து வருகிறவர்களில் பெரும்பாலோரைப் புற்றுநோய்க் கதிர்சிகிச்சைத் துறை எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் அங்கே அவர்கள் இல்லாமல் கருவியை ஓட்டச் சட்டம் அனுமதிக்காது. எம்.ஆர்.ஐ.யில் அணுக்கதிர் இல்லை, ஆகவே அந்தச் சட்டமும் இல்லை, பணியிடமும் இல்லை. கதிர்வீச்சு இல்லாத நல்ல குணமே இந்தக் கருவிக்கு ஆள் கிடைக்காமல் போனதற்குக் காரணம் என்பது வேடிக்கைதான்.

எங்கே வைப்பது என்பதில் நீங்கள் சண்டை போட்டுக்கொள்வீர்கள் என்று தெரியும். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி சேர்த்தார்கள். 2007இல் திரும்பப் பிரித்தார்கள். அண்ணன் தம்பி பாகம் கூட இத்தனை முறை பிரிந்து சேராது. அரசு மருத்துவக் கல்லூரி அரியலூரில் இருப்பதால் கருவியும் அங்கேதான் வரும் என்பது இயல்பான கணக்கு. ஆனால் அரியலூருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். சுற்றிலும் சிமென்ட் ஆலைகள், சுரங்கங்கள். சுரங்கத்தில் வெடி வைத்தால் தரை அதிர்கிறது. சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டிப் போகின்றன. ஊருக்குள் விழுப்புரம்–திருச்சி கார்டு லைன், மின்சார ரயில்பாதை. எம்.ஆர்.ஐ.க்கு இவை எல்லாமே ஆகாதவை. தரை நடுங்கினால் படத்தில் நிழல் விழும். பெரிய இரும்பு பக்கத்தில் நகர்ந்தால் காந்தப்புலத்தின் சீர்மை கலையும். சாதாரண முதுகுத்தண்டுப் படத்தில் இது தெரியாமல் போகலாம். ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த மாற்றத்தை மூளையில் தேடும் ஆய்வில் அது எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

ஆகவே கட்டடத்துக்குப் பூசை போடுமுன், நினைக்கும் இடத்தில் அதிர்வு அளவியையும் காந்தப்புல அளவியையும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரத்தில், லாரி போகும் நேரத்தில், சரக்கு ரயில் போகும் நேரத்தில் எண் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரம்பலூரில் ரயில் கிடையாது, நெடுஞ்சாலைதான் உண்டு. இரண்டு ஊரிலும் அளந்துவிட்டு எண்ணைப் பார்த்து முடிவு செய்தால் சண்டைக்கு இடமிருக்காது. கோடையில் குளிரூட்டும் சில்லர் நின்றால் ஹீலியம் கொதித்துப் போகும். அதற்கு இரட்டை ஜெனரேட்டர். ஹீலியம் வெளிநாட்டிலிருந்து வருவது. ஆகவே ஹீலியத்தை அடைத்து மூடிய புதுவகைக் காந்தம், சில லிட்டரிலேயே ஓடுவது, நம் ஊருக்கு ஏற்றது. இவை பொறியாளர்களின் வேலை, விரிக்கவில்லை.

கருவி வந்துவிட்டது என்று வையுங்கள். மருத்துவமனை வாசலில் வரிசை. வரிசையில் நிற்பவனின் வலி எப்போதும் ஆய்வாளனின் கேள்வியை வெல்லும், வெல்லவும் வேண்டும். அதனால்தான் ஆய்வு நேரத்தைக் கருவி வாங்கும் ஆணையிலேயே எழுதிவைக்கச் சொல்கிறேன்: ஞாயிறு முழுக்க, மற்ற நாளில் இரவு எட்டுக்கு மேல். நல்லெண்ணத்தை நம்பி விட்டால் மூன்றாம் மாதமே ஆய்வு நேரம் காணாமல் போயிருக்கும்.

அந்த நேரத்தில் யாரைப் படுக்கவைப்பது? இங்கேதான் நம் மாவட்டங்களின் செல்வம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டக் கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஊரிலிருந்து வண்டி வைத்து அழைத்துப்போய் மூளையைப் படமெடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். இதற்கு அவசியம் என்னவென்றால், "இயல்பான மூளை" என்று நம் கணினிகளில் ஏற்றி வைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரரின் மூளை. ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. குழு 2019இல் நூறு இந்தியர்களை வைத்து ஓர் இந்திய மூளை வரைபடம் போட்டது. உயரம், அகலம், கொள்ளளவு எல்லாமே மேற்கத்திய அச்சைவிடச் சிறியவை என்று தெரிந்தது. ஆனால் அந்த நூறு பேரும் இளவயதினர். குன்னத்தில் பள்ளிக்கூடம் பார்க்காத, வெயிலில் உழைத்த, 65 வயது மூதாட்டியின் மூளை எப்படி இருப்பது இயல்பு? மறதி நோய் என்று சொல்லுமுன் அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி பருத்திக்காட்டில் இருக்கிறது. 2017இல் பெரம்பலூர் மாவட்டத்தில் ஆளுயரத்துக்கு வளர்ந்த பருத்திக்கு மருந்தடித்தவர்கள் சிலர் இறந்ததும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பிழைத்துத் திரும்பியவர்களின் நரம்பும் மூளையும் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கின்றன? கை நடுங்குகிறதா, தூக்கம் போயிற்றா, கணக்கு மறக்கிறதா? பிரான்சில் இருக்கும் 11.7 டெஸ்லாவால் இதைச் சொல்ல முடியாது; அந்த மனிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். வலிப்பும் அப்படியே. வேலூரில் எண்ணினார்கள், வேப்பூரிலும் செந்துறையிலும் எண்ண வேண்டாமா?

படுக்கவைப்பது அவ்வளவு சுலபமில்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். செந்துறைப் பக்கத்து மூதாட்டி ஒருவர். காதில் இருந்ததைக் கழற்றினார், மெட்டியைக் கழற்றினார். தாலி என்றதும் நின்றுவிட்டார். "தாலிய எப்புடி தம்பி கழட்டுறது? அவரு வெளிய உக்காந்திருக்காரு." தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் நம் பெண்களின் தாலிக்கொடியில் மூன்று நான்கு ஊக்கு தொங்கும், சாவிகூடத் தொங்கும். ஊக்கு இரும்பு. அந்த டெக்னீஷியன் விவரமான பையன். மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் தடவிய கயிறு ஒன்றை எடுத்தான். "ஆயா, இத மொதல்ல கட்டிக்க, அப்பறம் அத எடு. ஒரு நிமிஷம்கூட கழுத்து சும்மா இருக்காது." மூதாட்டி கட்டிக்கொண்டு, கொடியைக் கழற்றி முந்தானையில் முடிந்து மகளிடம் கொடுத்தார். அப்புறம் அவனே கேட்டான்: "இடுப்புல தாயத்து இருக்கா ஆயா?" இருந்தது. அந்த மஞ்சள் கயிறு எந்தக் கம்பெனியின் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

சிகிச்சைக்கு வந்தவரிடமே இவ்வளவு என்றால், உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒருவரை ஆய்வுக்காக, டமடமவென்று இடிக்கும் குழாய்க்குள் நாற்பது நிமிடம் அசையாமல் படு என்று சொல்ல எவ்வளவு பேச வேண்டும்! எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைத்தால் போதாது. ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் பக்கத்திலிருந்து, சொன்னது விளங்கியதா என்று பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று இருக்கிறது. ஒன்றுமில்லை என்று நம்பிப் படுத்தவரின் தலையில் ஒரு கட்டி தெரிந்தால்? படத்தை யார் பார்ப்பது, எத்தனை நாளில் சொல்வது, யார் செலவில் சிகிச்சை? முதல் ஆளைப் படுக்கவைக்குமுன் இதற்குப் பதில் எழுதி வைத்திருக்க வேண்டும். அது இல்லாத ஆய்வுக்கு நான் அனுமதிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

பணத்துக்கு வருகிறேன், சுருக்கமாகத்தான். சென்னையிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் கல்லூரிகளை இணைத்து நடத்துவது. அது பணத்தோடு வரும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மண்ணிலேயே வழி இருக்கிறது. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை வைத்தார்கள். பழைய குத்தகைக்காரர்கள் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையில் 30 விழுக்காடு அளவுக்கு அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். சுண்ணாம்புக்கல் அந்தப் பட்டியலில் உண்டு. மருத்துவம் அந்தப் பணத்தை முதலில் செலவிட வேண்டிய துறைகளில் உண்டு. சிமென்ட் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி தனி. 2019 முதல் அதை அரசுப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ ஆய்வுக்கும் கொடுக்கலாம். கருவிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் பொதுவாகத் திறப்புவிழாக் கல்வெட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். சம்பளத்துக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் கல்வெட்டு கிடையாது, ஆகவே அவற்றுக்குப் பணம் கிடைப்பதும் இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பூட்டிக் கிடக்கும் கருவிகள் பலவும் இந்த வழியாகத்தான் பூட்டப்பட்டன. இந்த மேடைக்குரிய அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம்: நீங்கள் கொடுப்பதைக் காந்தத்துக்குக் கொடுக்காதீர்கள். இயற்பியலும் நிரலும் தெரிந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பத்து ஆண்டுச் சம்பளமாகக் கொடுங்கள்.

அந்த இருவரையும் கருவி வருமுன்பே, டெண்டர் எழுதும் நாளிலேயே வேலைக்கு எடுங்கள். ஒரு வருடம் நல்ல ஆய்வுக்கூடம் ஒன்றில் உட்காரட்டும். ஆய்வு ஒப்பந்தம், மூலத் தரவு, ஆய்வு நேரம் என்ற மூன்று வரிகளையும் டெண்டரில் அவர்களே எழுதட்டும். அதிர்வு அளவி வாங்க வேண்டியதில்லை. பொறியியல் கல்லூரிகளில் இரவல் கிடைக்கும். அடுத்த மாதமே இரண்டு ஊரிலும் அளக்கத் தொடங்கலாம். கேள்வி நேரத்துக்கு அரை மணி ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். எந்த இடத்தில் முதலில் அளப்பது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.